நத்தார் ஆற்றுப்படை

தமிழர் கண்ட இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படைக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நிறுத்தி, தான் சென்ற வழியைச் சொல்லி அவனையும் அவ்வழியிற் செலுத்துவது அது. பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைபடுகடாம் மலைவழியையே விரித்துரைப்பது. எவ்விடத்திற் கால் வழுக்கும், எவ்விடத்தில் ஆறு குறுக்கிடும், எந்தச் சிற்றூரில் அன்போடு சோறிடுவர் என்பனவற்றையெல்லாம் அது கூத்தர் குடும்பத்துக்கு எடுத்துக் கூறுகிறது. செல்பவன் தனியனல்லன். பெண்டிரும் பிள்ளைகளும் இசைக்கருவிச் சுமையுமாக ஒரு சுற்றமே செல்கிறது.

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலே நத்தார்க் காலத்தைக் காணுந்தோறும் எனக்கு இவ்விலக்கியமே நினைவில் எழுகின்றது. யான் கீழைத்தேயக் கல்லூரியிற் பண்டிதம் பயின்றவன், பதுளைப் பகுதியில் ஆண்டுகள் பலவாகத் தமிழ் கற்பித்து வருபவன், பிறப்பாற் சைவன். ஆயினும் என்னிடம் பயின்றோருட் கிறிஸ்தவப் பிள்ளைகள் பலர். அவர்தம் இல்லங்களில் யான் கண்டதும் அவர்பாற் கற்றதும் சில உண்டு. அவற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் கிறிஸ்துமஸ் என்பதை ஈழத்தார் நத்தார் என்பர். பிறப்பு விழாவைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் போர்த்துக்கேயச் சொல் நம் நாவிற் பயின்று நத்தாராயிற்று. கடல்கடந்து வந்த சொல் இவ்வாறு ஊர்ச்சொல் ஆகிவிட்டது. கடல்கடந்து வந்த மக்களோ அவ்வாறு ஊர்மக்களாவதற்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

ஒரே மழையில் இரண்டு பாட்டு

ஊவாத் தேயிலையின் புகழுக்குரிய காலம் ஆடி, ஆவணி, புரட்டாதி. வறண்ட காற்று மலைகளைத் தடவிச் செல்லும் அந்நாட்களிலேதான் கொழுந்திலே அந்த அரிய மணம் ஏறுகின்றது. மார்கழியோ மாரிக்காலம். வடகீழ்ப் பருவக்காற்று மழையை மலைமீது கொண்டுவந்து கொட்டும். நமுனுகுல மலையின் கொடுமுடிகள் நாட்கணக்கில் மஞ்சுக்குள் மறைந்து கிடக்கும். கொழுந்துக்குச் செல்லும் பெண்கள் இடுப்பிற் படங்கு கட்டி, அட்டை கடித்த காலோடு மலை ஏறுவர்.

இம்மாரியில் இரண்டு இசைகள் தோட்டத்தில் எழும். வைகறையிலே மாரியம்மன் கோயிலிலிருந்து மார்கழிப் பஜனை புறப்படும். அந்தியிலே சிற்றாலயத்திலிருந்து நத்தார்க் கீதம் புறப்படும். தோட்டத்திலே சைவக் குடும்பங்கள் மிகப் பல. கிறிஸ்தவக் குடும்பங்கள் சில. ஆயினும் வைகறைப் பஜனையில் டோலக்கு வாசித்த இளைஞனே அந்தியிற் கீதக்குழுவோடும் வாசித்துச் செல்வதை யான் பலகாற் கண்டுள்ளேன். காரணம் கேட்டபோது, "நல்லாத் தட்டுறவன் இந்த லயத்தில நான் ஒருத்தன்தான், ஐயா" என்றான் ஒருவன். சமய ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் யாம் பேசும் நீண்ட பேச்சுக்கள் எனக்கு அப்போது சற்றுச் சுருங்கித் தோன்றின.

கத்தோலிக்க மக்கள் தம் வழிபாட்டிடத்தைக் கோயில் என்றே வழங்குவர். "கோயிலுக்குப் போனோம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், எந்தக் கோயில் என்று வினவியே அறிதல் வேண்டும். இச்சொல்லொற்றுமை எனக்கு எப்போதும் உவப்பளிப்பது.

ஓர் இளங்குடும்பம்

யான் நன்கறிந்த குடும்பம் ஒன்று பசறைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில் வாழ்கிறது. கணவன் என்னிடம் தமிழ் பயின்றவன். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்கிறான். மனைவி தோட்டத்திற் கொழுந்து பறிப்பவள். ஏழு வயதில் ஒரு பெண்ணும் நான்கு வயதில் ஓர் ஆணுமாக மக்கள் இருவர். இருப்பது ஒரு லயக்காம்பரா. அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு.

இன்றைய மலையகத்தில் இத்தகைய குடும்பங்கள் மிகப் பல. தகப்பன் கொழும்பில், இன்னும் சில வீடுகளிலே தாய் வளைகுடா நாட்டில். ஆண்டு முழுவதும் கைப்பேசியிலே குரலாக மட்டும் வாழும் தகப்பன் நத்தாருக்கு முதல்நாளோ அதற்கு முதல்நாளோ உடலோடு வந்து சேர்கிறான். ஆதலின் அவ்வீடுகளில் நத்தார் என்பது ஒருவர் வந்து சேரும் நாள். குடும்பம் குடும்பமாகும் நாள். "கடவுள் நம்மிடம் வந்தார்" என்று குருவானவர் பிரசங்கத்தில் கூறும்போது, அப்பிள்ளைகள் அதை விளங்கிக்கொள்வதற்கு வேறு உவமை வேண்டுவதில்லை.

செலவுக்கு வழியென்ன? தீபாவளிக்குச் சைவர் பெறும் முற்பணத்தைக் கிறிஸ்தவர் நத்தாருக்குப் பெறுவர். பின்னர் அது மாதந்தோறும் சம்பளத்திற் கழியும். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாகவும் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் கணக்குப்படி கொழுந்து நிறுவாவிட்டால் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். மழைநாளில் நிறை குறையும். அக்குடும்பத்தின் நத்தார்ப் பயணம் இந்த அரைப்பேர்களிலிருந்து மிச்சம் பிடித்த பயணம் என்பதை வாசகர் மறவாதிருத்தல் நன்று.

அவர்கள் வீட்டிற் பாலன் குடில் அமைக்கப்படுவதை ஒருமுறை அருகிருந்து பார்த்தேன். கவாத்து வெட்டி எறிந்த தேயிலை மிலாறு மலையாயிற்று. மண்கட்டிலே பெயர்த்தெடுத்த பாசி புல்வெளியாயிற்று. அட்டைப்பெட்டியை வெட்டிச் சிறுமி ஒரு கட்டிடம் செய்தாள். தொழுவம் என்று எண்ணினேன். உற்றுப் பார்த்தபோது அதற்கு வரிசையாக ஆறு கதவுகள் இருந்தன! பெத்லகேம் ஊரிலே அவள் ஒரு லயம் கட்டிவிட்டாள்.

பின்னர் அவள் தாயை நோக்கி, "ஏம்மா, மாதாவுக்கும் சூசையப்பருக்கும் ஒரு காம்பராகூடக் கிடைக்கல்லியா?" என்றாள். தாய் விளக்கில் எண்ணெய் வார்த்தபடியே, "பேர் பதியப் போன எடத்தில நமக்கு யாரு காம்பரா குடுப்பா?" என்று விடையிறுத்தாள்.

விளையாட்டாகச் சொன்ன சொல்லன்று அது. 'நமக்கு' என்று அவள் தன்னையும் உளப்படுத்திக் கூறியதை இலக்கணம் கற்பிக்கும் யான் கவனிக்காதிருத்தல் இயலுமா?

பேர் பதியச் சென்றவர்

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின்படி, அகுஸ்து இராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான். சூசை என்னும் தச்சர், நிறைகருப்பிணியான மரியாளோடு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சென்றார். சத்திரத்தில் இடம் இல்லை. பிள்ளை பிறந்தபின் எகிப்துக்கு ஓடினர் என்று மத்தேயு எழுதுகிறார். ஆகவே நத்தார்க் கதை முழுவதும் தொழிலாளி ஒருவனுடைய இளங்குடும்பம் வழிநடந்த கதையே.

ஊவா மலைக்கு வந்த நம்மவர் கதையும் அதுவன்றோ? தென்னிந்தியாவிலிருந்து தோணியேறித் தலைமன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைகளிற் பரந்தனர். வழியிலே மாண்டோர் தொகை எண்ணிலடங்காதது. அவர்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்ததை வாசகர் அறிவர்.

வந்தவர் பேர் பதியச் சென்ற வரலாறு 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தொடங்குகின்றது. அச்சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. அண்ணன் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேற, தம்பி பதுளையில் நின்றான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை எளிதாயிற்று. அந்தத் தாயின் மாமியார் வழியிலும் ஒரு கிளை இவ்வாறு கடல்கடந்தது. நத்தார் வாழ்த்து மடல் சில ஆண்டு வந்ததாம், பின்பு நின்றுவிட்டதாம்.

தோட்ட வழக்கிற் 'பேர்' என்பது ஒருநாட் கூலியையும் குறிக்கும் என்றேன். ஒரே சொல் கூலியையும் குடியுரிமையையும் சுமந்து நிற்கும் வழக்கு வேறெங்கும் உண்டோ அறியேன். பேர் விழுந்தால் அடுப்பெரியும். பேர் பதிந்தால் நாடு கிடைக்கும். இவ்விரண்டிற்குமாக நூறாண்டுக்கு மேலாக வரிசையில் நின்ற மக்களுக்குப் பெத்லகேம் தொலைவிலுள்ள ஊரன்று.

பதுளைக்கு ஒரு நாள்

அக்குடும்பம் நத்தாரையொட்டிப் பதுளைக்குச் செல்வது வழக்கம். ஒருமுறை என்னையும் உடனழைத்தனர்.

பசறையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீற்றர். பேருந்து வளைவுதோறும் முனகிச் செல்லும். சிறுவன் யன்னற் கண்ணாடியிற் படிந்த ஆவியிலே விண்மீன் வரைந்துகொண்டு வந்தான். நகரில் இறங்கியதும் முதல் வேலை கடைத்தெருவிலே பிள்ளைகளுக்குத் துணி எடுத்தல். தாய் தனக்கென ஒன்றும் எடுக்கவில்லை. கணவன் வற்புறுத்தியபோது, "ஏங்க, தைப்பொங்கலுக்குப் பாப்போம்" என்றாள். கிறிஸ்தவக் குடும்பமாயினும் பொங்கல் அவர்களுக்கும் உரியதே.

அடுத்து ஆலயங்கள். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் 1857ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்றது. இங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பார், 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்தது அவ்வாலயம். ஆயிரத்து நானூறு யானைகளுக்குமேற் சுட்டு வீழ்த்தியவர் அவர் என்பர். இக்கதையைக் கேட்ட சிறுவன், "யானை பாவம்" என்று மட்டும் கூறினான். பெரியோர் எழுதிய வரலாறுகளிற் பல இந்த இரண்டு சொற்களைச் சொல்லாமல் விட்டன.

பின்னர் மரியன்னை பேராலயம். கத்தோலிக்கப் பதுளை மறைமாவட்டம் 1972 டிசம்பர் 18ஆம் நாள், நத்தாருக்கு ஒரு கிழமை முன்பாக, கண்டியிலிருந்து பிரிக்கப்பெற்று உருவாயிற்று. அதன் முதல் ஆயர் லியோ நாணாயக்கார ஆண்டகை. கண்டி என்னும் பெருமைமிக்க மறைமாவட்டத்தின் ஆயர் பதவியை நீங்கி, வறியோர் மிகுந்த புதிய ஊவாவுக்கு வந்தவர். 1982ஆம் ஆண்டில் மறையும்வரை இம்மண்ணிற் பணிசெய்தவர். இவருக்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் முன்னரே, 1854ஆம் ஆண்டில், தோட்டத் தமிழரிடையே ஊழியஞ்செய்யப் புரட்டஸ்தாந்த மிஷன் ஒன்று தொடங்கப்பெற்றது. 'கூலி' என்னும் சொல்லையே தன் பெயரிற் சுமந்தது அம்மிஷன். தொழுகைக்கு வந்தவனையும் தொழிலின் பெயரால் அழைத்த காலம் அது. ஆலயத்தினுள்ளே பேர் மாறுவதற்கும் காலம் பிடித்தது.

பேராலயத்துக் குடிலின் முன் சிறுமி நெடுநேரம் நின்றாள். தான் கட்டியதைப்போல ஆறு கதவு இல்லையே என்ற ஏக்கம்போலும். தந்தை அவளருகே முழந்தாளிட்டு ஏதோ சொன்னான். யான் விலகி நின்றேன். பிள்ளைக்கு ஒரு தகப்பன் தன் நம்பிக்கையைக் கைமாற்றும் நேரத்தில் ஆசிரியனுக்கு அங்கு அலுவலில்லை.

நண்பகலில் மகியங்கனை வீதிவழியாகத் துன்ஹிந்த அருவிக்குச் சென்றோம். நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர். பின்னர் ஒற்றையடிப் பாதை. அறுபது மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து பதுளு ஓயா குதிக்கின்றது. மார்கழி மழையிலே அது நீரன்று, புகை. "இவ்வளவு தண்ணியும் யார் ஊத்துறது?" என்று வினவிய சிறுவனுக்குத் தாய் மேலே கைகாட்டினாள். சமயபாடம் அவ்வளவில் முடிந்தது.

மற்றொரு நாள் புகைவண்டியில் தெமோதரை வரை செல்வர். 1924ஆம் ஆண்டு பதுளையைத் தொட்ட இருப்புப்பாதை அங்கே மலையைச் சுற்றி வளைந்து, புகைவண்டி நிலையத்தின் கீழேயே குகை வழியாகச் செல்கிறது. தன்மீது தானே கடக்கும் பாதை! அப்பாலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டில் இரும்பின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பெற்றது. வெளிநாட்டார் படம் பிடிக்கத் திரளும் அப்பாலத்தை, கொழும்புக்கு வேலைக்குச் செல்லும் தகப்பன் ஆண்டு முழுவதும் இருளிற் கடக்கிறான். நத்தார் விடுமுறையில்தான் பகலிற் காண்கிறான், பிள்ளைகளோடு.

மொழியும் ஒரு தொழுவம்

திரும்பும் வழியில் யான் அப்பழைய மாணாக்கனுக்குத் தேம்பாவணியை நினைவூட்டினேன். இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் 36 படலங்களில், 3,615 பாடல்களில் அக்காப்பியத்தைச் செய்தார். அதன் தலைவர் யார்? அரசனல்லன், படைத்தலைவனல்லன், தச்சுத் தொழிலாளியாகிய சூசை. அவரை வளன் என்று தமிழாக்கி, அவர் குடும்பத்தோடு எகிப்துக்குச் சென்ற பயணத்தை முனிவர் விரிவாகப் பாடுகிறார். உளிபிடித்த கையனைக் காப்பியத் தலைவனாக்கிய நூல் நம் மொழியில் இருக்க, கொழுந்து பறிக்கும் கையினர் வீட்டில் அதன் பெயரும் அறியப்படாதிருத்தல் நமக்குப் பெருமையன்று. வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். மலைவளம் கூறும் குறத்தியைக் கிறிஸ்து பிறந்த ஊரோடு அவர் இணைத்திருக்க, அச்சிறுமி பெத்லகேமில் லயம் கட்டியதை யாம் விந்தையெனக் கொள்வானேன்? மரபு அவள் பக்கமே நிற்கிறது.

சைவராகிய யாம் இவற்றைக் கற்பிக்கலாமோ என்று ஐயுறுவார் இருப்பின், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர் என்பதை நினைத்தல் வேண்டும். தம் சமயத்தில் அவரினும் உறுதியுடையார் யார்?

இம்மண்ணும் வெறுங்கையோடு இருந்ததில்லை. பதுளைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் 1934ஆம் ஆண்டிற் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை', 'நாமிருக்கும் நாடே' முதலிய நூல்களால் லயத்து வாழ்வைத் தமிழிலக்கியத்தின் நடுவீட்டில் அமர்த்தினார்; 2013ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடிவந்தது. 2022ஆம் ஆண்டில் மறைந்தார். இடம் இல்லை என்று நாடு சொன்ன மக்களுக்கு மொழி இடங்கொடுத்தது என்பதற்கு அவரே சான்று.

வழி நிலைக்க வேண்டும்

ஆற்றுப்படைக்கு ஒரு நிபந்தனை உண்டு: சொல்லிய வழி நிலைத்திருத்தல் வேண்டும். ஊவாவில் அதுவே ஐயத்துக்கிடமாகி வருகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை கொஸ்லாந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலை சரிந்து மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையிற் பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களிற் சரிந்து உயிர்கள் பலவற்றைக் கொண்டன, வீதிகள் அறுந்தன. அவ்வாண்டு நத்தாருக்கு எஞ்சியிருந்தது நான்கே கிழமை.

மலைச்சரிவிற் பழங்கால லயங்களிலே சொந்தக் காணியின்றி வாழும் மக்களுக்கு மாரி என்பது அச்சத்தின் பெயர். பாதுகாப்பான நிலமும் தனிவீடும் அவர்களுக்கு வழங்குதல் ஈகையன்று. இருநூறு ஆண்டுக் கடன். குடிலின் முன் விளக்கேற்றும் யாவரும், சைவரும் பௌத்தரும் இசுலாமியருமாகிய அயலவரும், இக்கடனை நினைத்தல் தகும். தங்க இடம் மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையைக் கொண்டாடிவிட்டு, இடமின்றி நிற்கும் குடும்பங்களைக் கடந்து செல்வது எவ்வாறு பொருந்தும்?

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. பாடசாலைகளிலே மார்கழியில் ஒளிவிழா எடுக்கின்றோம், விண்மீன் கட்டுகின்றோம், மூன்று ஞானியருக்கு முடி சூட்டுகின்றோம். அவ்வளவில் நில்லாது, ஒவ்வொரு மாணாக்கனிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "உன் பாட்டனார் இம்மலைக்கு வந்த வழியை எழுதுக" என்று கேட்போமாக. கேட்டு எழுதுவதற்குப் பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர், நெடுங்காலம் இரார். அத்தாள்களைத் தொகுத்தால் அதுவே ஊவாவின் ஆற்றுப்படை.

ஞானியரை வழிப்படுத்திய விண்மீனும் ஆற்றுப்படுத்தும் புலவனின் தொழிலையே செய்தது. தான் கண்டதைப் பிறர் காணுமாறு முன்னே சென்றது. இடம் வந்ததும் நின்றது. அத்தொழில் இப்போது தகப்பன்மார் கையிலும் தாய்மார் கையிலும் ஆசிரியர் கையிலும் இருக்கின்றது. மழை விடாது பெய்யினும் நத்தார் இரவிற் பசறை மலைச்சரிவிலே கைவிளக்குகள் வரிசையாக இறங்கும். முன்னே செல்பவன் வழுக்கும் கல்லைக் காட்டி, பின்னே வருவோனிடம் சொல்லுவான். அவன் தனக்குப் பின்னே வருவோனிடம் சொல்லுவான்.